ஒரு மரியாதையான இராஜினாமா

இந்த வீட்டுக்குள் இந்த வாரம்தான் முதன்முதலாக நுழைகிறவர்கள் பனிச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரவும். செல்வமலர் இப்போதுதான் நிலம் துடைத்திருக்கிறாள்.

ஏற்கனவே வந்து போகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவளுடைய தம்பி சாரங்கனுக்கு வேலை போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிக்கு, மொன்றியல் தமிழில் சொன்னால் சோமாஜுக்கு, அவன் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான். இன்று ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார். காலையிலா மாலையிலா என்று அரசாங்கம் சொல்லவில்லை. அரசாங்கங்கள் சொல்வதில்லை.

ஆகவே கோட்-டெ-நெய்ஜில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் விடிந்ததிலிருந்து எல்லோரும் ஒரு தொலைபேசியைச் சுற்றியே நடமாடிக்கொண்டிருந்தார்கள். சாரங்கன் அதைக் கையில் வைத்திருந்தான். செல்வமலர் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். அவளுடைய மகள் சர்மிளா மாமாவுக்கு மொழிபெயர்ப்பதற்காகக் கல்லூரிக்குப் போகாமல் நின்றாள். வீட்டுத் தலைவர் இரவிச்சந்திரன் சோபாவில் கோட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த அதிகாரி ஃபோனிலை எடுக்கிறா. நீங்கள் கோட் போட்டிருக்கிறது அவவுக்குத் தெரியாது," என்றாள் சர்மிளா.

"குரலிலை தெரியும்," என்றார் அவர்.

இரவிச்சந்திரனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவரைக் கேட்டால் இரண்டாயிரம் சொல்வார். அவர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஏழு மாதம் தற்காலிக எழுதுவினைஞராக இருந்தார். அந்த ஏழு மாதத்தை இருபது வருடத்துக்கு மேலாக மொன்றியலில் வைத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை. "நான் கச்சேரியிலை இருக்கேக்கை" என்று அவர் தொடங்கினால், அரசாங்க அதிபரே இவரிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார் என்று நம்பத் தோன்றும்.

இப்போது அவர் ஊர்ச்சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கத்தில் பதினெட்டு அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பதினாறு பேர் நிர்வாகசபை உறுப்பினர்கள். மீதி இரண்டு பேர் அடுத்த தேர்தலில் நிற்கிறார்கள். சங்கத்தின் முத்திரையும் இவரிடம்தான். வயிற்றுப்பாட்டுக்கு "ஹொஸ்பிற்றல் நிர்வாகத்தில்" இருக்கிறார். எந்தப் பிரிவு என்று கேட்கிற அளவுக்கு இங்கிதம் கெட்டவர்கள் அந்த வீட்டுக்கு வருவதில்லை. அவருடைய விரல் நுனிகள் மட்டும் எப்போதும் சுருங்கியிருக்கும்.

சாரங்கனின் கையில் தொலைபேசி அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"இல்லை, அஜந்தா. வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறா."

அஜந்தா அவனுடைய மனைவி. மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணம் முடிந்த கையோடு அவன் இங்கே வந்து, அகதி வழக்கு வென்று, நிரந்தர வதிவிடம் எடுத்து, அவளைக் கூப்பிடப் பத்திரம் போட்டிருக்கிறான். அதற்குள் நான்கு வருடம் போய்விட்டது.

"பேந்து கேள். லைனைப் பிசியாக்காதை," என்றார் இரவிச்சந்திரன்.

"மெசேஜ் கேட்டால் லைன் பிசியாகாது, அப்பா."

"பிள்ளை, அரசாங்கம் கூப்பிடேக்கை எங்கடை பக்கம் அமைதியாய் இருக்கவேணும்."

சாரங்கன் செய்தியைத் திறக்கவில்லை. அத்தான் சொன்னதற்காக மட்டுமல்ல. வேலை போனதையே அவன் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அடுத்த அதிர்வில் திரையில் இலக்கம் தெரியவில்லை. அதுதான் அரசாங்கம்.

சர்மிளா ஸ்பீக்கரைப் போட்டாள். "அலோ? போன்ஜூர், மடாம்."

அதிகாரியின் குரல் இளமையாகவும் களைப்பாகவும் இருந்தது. மருமகள் மொழிபெயர்ப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஏன் வேலையை விட்டனீங்கள் எண்டு கேக்கிறா, மாமா."

"சொல்லு," என்றார் சோபாவிலிருந்து இரவிச்சந்திரன், "தன்மானம் உள்ள ஒரு குடும்பத்திலை பிறந்தவன் எண்ட முறையிலை..."

சர்மிளா தொலைபேசியைக் கையால் பொத்தினாள். "அப்பா, உங்களைக் கேக்கேல்லை."

சாரங்கன் தொண்டையைச் செருமினான். "வேலை குறைஞ்சிட்டுது. வெள்ளிக்கிழமையோடை ஆறு பேரை நிப்பாட்டப்போறம், ஓடர் இல்லை எண்டு போர்மன் சொன்னவன். அந்த ஆறு பேரிலை நானும் ஒராள்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"கம்பனி அனுப்பின பதிவிலை நீங்களா விட்டிட்டுப் போனதெண்டு இருக்காம், மாமா. உங்கடை கையெழுத்தோடை கடிதமும் இருக்காம். இரண்டு பக்கம்."

"இரண்டரை," என்றார் இரவிச்சந்திரன்.

அந்த இரண்டரைப் பக்கத்தின் வரலாறு சிறியது. சாரங்கன் செயின்ட்-மிஷேல் பக்கம் யன்னல் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். பனிக்காலத்தில் ஒருவரும் யன்னல் மாற்றுவதில்லை. போர்மன் சொன்ன செய்தியை அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தானின் முகம் கறுத்தது. "செயலாளற்றை மச்சானை நிப்பாட்டிப் போட்டாங்கள் எண்டு ஊர் கதைக்கிறதோ? அவங்கள் நிப்பாட்ட முதல் நாங்கள் விலகவேணும். கச்சேரியிலை அதுதான் வழமை" என்று அன்றிரவே கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "எனது கல்வித் தகைமைக்கும் குடும்பப் பாரம்பரியத்துக்கும் உகந்த உயர்பதவி ஒன்று என்னை அழைத்துக்கொண்டிருப்பதால், தங்கள் மேலான நிறுவனத்தை விட்டுக் கனத்த இதயத்துடன் விலகுகின்றேன்." சர்மிளா அதைப் பிரெஞ்சில் பெயர்த்தாள். இங்கே ஒருவரும் இப்படி எழுதமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் பெயர்த்தாள். வியாழக்கிழமை சாரங்கன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, யன்னல்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தான்.

"உயர்பதவி எண்டு எழுதியிருக்காம். எந்தப் பதவி எண்டு கேக்கிறா."

சாரங்கன் அத்தானைப் பார்த்தான். அத்தான் மேற்கூரையில் இருந்த ஒரு வெடிப்பை ஆராயத் தொடங்கினார். அது அவர் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

"அது... சும்மா எழுதினது எண்டு சொல்லு."

சர்மிளா சொன்னாள். கேட்டாள். திரும்பினாள். "வெள்ளிக்கிழமை எப்பிடியும் நிப்பாட்டுவாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. வியாழக்கிழமை என்னத்துக்கு விட்டனீங்கள் எண்டு கேக்கிறா. ஒரு நாள்தானே எண்டு கேக்கிறா."

நியாயமான கேள்வி. பிறர் தள்ளிவிடுவதற்கு முன்னால் தானே குதித்துவிட்டால் அதற்கு எங்களிடம் மரியாதை என்று பெயர். விழுகிற பள்ளம் என்னவோ ஒன்றுதான். இதை அரசாங்கத்துக்கு எப்படி விளக்குவது என்று சாரங்கனுக்குத் தெரியவில்லை.

"கடிதத்தை ஆர் எழுதினது எண்டு கேக்கிறா. நீங்களோ?"

விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, கட்டில் கொடுத்து, பனிச் சப்பாத்து வாங்கிக்கொடுத்து, வழக்குக்கு லோயர் பிடித்துக்கொடுத்த அத்தான் கோட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்," என்றான் சாரங்கன்.

சர்மிளா உடனே மொழிபெயர்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரே சொல்லில் பெயர்த்துச் சொல்லி முடித்தாள்.

கம்பனியுடன் பேசிவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு திரும்ப எடுப்பதாக அதிகாரி சொன்னார். காரணமில்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு சோமாஜ் கிடையாது. வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அப்போது சொல்லலாம். மெர்சி, நன்றி. நல்ல நாள்.

"நல்ல மனிசி," என்றார் இரவிச்சந்திரன். "கடிதத்தை முழுக்க வாசிச்சிருக்கிறா."

செல்வமலர் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு நடந்தது விளங்குதோ இல்லையோ?"

"மலர், நீர் பதட்டப்படாதையும். நான் எழுதினதிலை ஒரு பிழை காட்டும் பாப்பம்."

"பிழை இல்லை. அதுதான் பிழை! சோமாஜ் இல்லையெண்டால் இவன் என்ன செய்யிறது? இந்தக் குளிருக்கை ஆர் இவனுக்கு வேலை வச்சிருக்கிறான்? பேந்து வெல்ஃபெயருக்குத்தான் போகவேணும். வெல்ஃபெயர் எடுக்கிறவன் பொஞ்சாதியை ஸ்பொன்சர் பண்ணேலாது. அஜந்தாவின்ரை ஃபைல் அதோடை சரி. இன்னும் நாலு வருசம் அவள் அங்கை, இவன் இஞ்சை. உது விளங்குதோ?"

"நான் என்ன, வேணுமெண்டே..."

"வேணுமெண்டு செய்திருந்தால் இவ்வளவு வடிவாய் வந்திராது. அந்த மனிசி திரும்ப எடுப்பா. நீங்கள் கதையுங்கோ. கடிதம் என்ரை, பதவி கிதவி ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ. ஒரு நிமிசம் காணும்."

இரவிச்சந்திரன் கோட்டின் மடிப்பை நீவினார். "சங்கத்தின்ரை செயலாளர் அரசாங்கத்திட்டைப் போய், நான் பொய் எழுதினன் எண்டு சொல்லுறதோ? தேர்தல் வருகுது, மலர்."

"பதினெட்டுப் பேருக்கு ஒரு தேர்தல்!"

"பதினெட்டுப் பேர் எண்டாலும் சனநாயகம் சனநாயகம்தான்."

சாரங்கன் ஜக்கெற்றை எடுத்தான். "விடுங்கோ அக்கா. நான் கம்பனிக்குப் போய்க் கேட்டுப்பாக்கிறன். அங்கை ஒஃபிஸிலை இருக்கிற மடாம் ஜினெட் நல்ல மனிசி. பதிவை மாத்தித் தரச் சொல்லுவம்."

"ஃபோனை வச்சிட்டுப் போங்கோ மாமா, அவ நேரத்தோடை எடுத்தால் நான் கதைக்கிறன்," என்றாள் சர்மிளா. அஜந்தாவின் செய்தி தொலைபேசியோடு வீட்டிலேயே இருந்தது.

கோட்-டெ-நெய்ஜிலிருந்து செயின்ட்-மிஷேலுக்கு நீலப்பாதை மெற்றோ நேரே போகிறது. மாறி ஏறத் தேவையில்லை. வழி முழுவதும் அவன் ஒரே வசனத்தைப் பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினான். "மடாம், தயவுசெய்து அந்தப் பதிவை மாற்றுங்கள். எனக்கு வேலை இல்லை." இரண்டாவது பாதியைச் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் பையை இறுக்கிப் பிடித்தாள்.

மடாம் ஜினெட் அவனைக் கண்டதும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். வேலை செய்த காலத்தில் அவள் அவனுக்குத் தலையசைத்ததோடு சரி.

"வாருங்கள், வாருங்கள். ஒன்று காட்டவேண்டும்!"

சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போனாள். மைக்ரோவேவைத் துடைத்து வைக்கவும் என்ற அறிவித்தலுக்கும் காது பாதுகாப்புப் படத்துக்கும் நடுவில், பிளாஸ்ரிக் உறையில், இரண்டரைப் பக்கமும் ஒட்டப்பட்டிருந்தது.

இருபத்தாறு வருடத்தில் யாரும் எங்களுக்கு இப்படி எழுதியதில்லை என்றாள். முதலாளி வாசித்துவிட்டு ஃபுளோரிடாவில் நிற்கும் மனைவிக்குப் படமெடுத்து அனுப்பினாராம். போர்மன் தன்னுடைய பெயர் இரண்டாம் பக்கத்தில் வருவதைக் கண்டு கண் கலங்கினாராம்.

"மற்ற ஐந்து பேருக்கும் வேலைக்குறைவு என்று பதிந்தேன்," என்றாள் மடாம் ஜினெட், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்கும் அப்படித்தான் பதியப் பார்த்தேன். கடிதத்தை வாசித்த பிறகு மனம் வரவில்லை. உங்களை அவமதித்தது போலாகிவிடும், இல்லையா?"

ஆக, அவனுடைய மரியாதையை இந்த நாட்டில் ஒரே ஒருத்தி மதித்திருக்கிறாள். அதற்கான விலையைத்தான் அவன் இப்போது கொடுத்துக்கொண்டிருந்தான்.

மெற்றோவில் பழகிய வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேர் முள்ளுக்கரண்டியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். ஒருவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்கள், புதுப் பதவி எப்படிப் போகிறது?" என்றாள் மடாம் ஜினெட்.

சாரங்கன் சுவரைப் பார்த்தான். தன்னுடைய கையெழுத்தைப் பார்த்தான்.

"உய், மடாம்," என்றான். "சா வா பியான்." நன்றாகப் போகிறது.

நான்கு பேரும் கை தட்டினார்கள். மடாம் ஜினெட் ஒரு கப் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, மெர்சி சொல்லிவிட்டு, பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அவன் வெளியே வந்தான். வாசலில் குவிந்து கிடந்த பனியை ஓங்கி உதைத்தான். அது உறைந்து கல்லாகியிருந்தது.

திரும்பிவரும் மெற்றோவில் அவன் அத்தானைத் திட்டத் தொடங்கினான். அவருடைய கச்சேரியை, கோட்டை, முத்திரையை, சங்கத்தை, எல்லாவற்றையும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் திட்டினான். பாதி வழியில் திட்டு நின்றுவிட்டது. "உய், மடாம்" என்று சொன்ன வாய் அத்தானுடையது இல்லை. அது அவனுடைய சொந்த வாய். அத்தான் பக்கத்தில்கூட இல்லை.

வீட்டு வாசலில் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருப்பான். உள்ளே தொலைபேசி அடித்தது. சர்மிளா ஸ்பீக்கரைப் போட்டபடி அவனிடம் ஓடிவந்தாள்.

அதிகாரியின் குரலில் காலையில் இருந்த களைப்பு இல்லை. அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. நீளமாகப் பேசினார். கேட்கக் கேட்க சர்மிளாவின் முகம் மாறியது.

"மாமா... நீங்கள் எங்கையாவது வேலை செய்யிறீங்களோ?"

"என்ன?"

"கம்பனியிலை கதைச்சவவாம். மடாம் சொல்லியிருக்கிறா, அவர் இப்பத்தான் வந்திட்டுப் போறார், புதுப் பதவி நல்லாய்ப் போகுது எண்டு தானே சொன்னவர் எண்டு. எங்கை வேலை, எப்ப துவங்கினது எண்டு கேக்கிறா. வேலை செய்துகொண்டு, இல்லையெண்டு அரசாங்கத்துக்குச் சொல்லுறது பெரிய குற்றமாம்."

செல்வமலர் நெற்றியில் கை வைத்தாள். "டேய், நீ என்னடா சொன்னனீ அங்கை?"

"அக்கா, அவை எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை..."

"ஆர் பாத்தால் உனக்கென்ன!"

"அலோ?" என்றது தொலைபேசி.

"அவ சொல்லுறா," என்றாள் சர்மிளா, "கடிதம் வேலை இருக்கு எண்டு சொல்லுது. கம்பனியிலை வேலை இருக்கு எண்டு சொன்னனீங்கள். எனக்கு வேலை இல்லை எண்டு சொல்லுறீங்கள். இதிலை எதை நான் எழுதுறது எண்டு கேக்கிறா."

சாரங்கன் ஒரு காலில் சப்பாத்துடன் நின்றான். அதிலிருந்து பனி உருகித் துடைத்த நிலத்தில் ஊத்தைத் தண்ணீராக ஓடியது. செல்வமலர் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அவள் கணவனைப் பார்த்தாள்.

இரவிச்சந்திரன் சோபாவிலிருந்து எழுந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். தொலைபேசிக்குக் கை நீட்டினார்.

"கோட்டைக் கழட்டிப்போட்டுக் கதையுங்கோ," என்றாள் செல்வமலர்.

அவர் பூட்டிய பொத்தானைத் திறந்தார். கோட்டைக் கழற்றினார். உள்ளே இருந்தது ஒரு பழைய ரீ-சேட். மடித்த கோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாரங்கனிடமே கொடுத்தார்.

அவருடைய பிரெஞ்சு சர்மிளாவினுடையது போல் இல்லை. வேலையிடத்தில் பொறுக்கிச் சேர்த்தது. வினைச்சொற்கள் வந்தால் வரும், வராவிட்டால் வராது. தமிழில் இரண்டரைப் பக்கம் எழுதுகிற மனிதருக்கு அதில் இரண்டரை வரியே கஷ்டம்.

"மடாம். கடிதம், நான். பதவி, இல்லை. அவன் பொய் இல்லை. பொய், நான்."

"நீங்கள் யார், முஸ்ஸியூ?"

"அவனுடைய அக்கா, என் மனைவி."

"போர்மன் வேலை இல்லை என்று சொன்ன பிறகுதான் நீங்கள் அதை எழுதினீர்களா?"

"ஓம். உய். அவன் வந்து சொன்னது. அன்றைக்கே நான் எழுதியது. வெட்கம், மடாம். எனக்கு வெட்கம். அவனுக்கு இல்லை."

விசைப்பலகை ஓடியது. "குறிப்பில் போடவேண்டும். உங்கள் தொழில்?"

இரவிச்சந்திரன் வாயைத் திறந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். தன் விரல்களைப் பார்த்தார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஹொஸ்பிற்றல் குசினி," என்றார். "நோயாளிகள் சாப்பிட்ட தட்டு. நான் கழுவுகிறேன்."

சாரங்கனுக்கு இது புதுச் செய்தி. நான்கு வருடம் அதே வீட்டில் இருந்தவன். கையிலிருந்த கோட்டை அவன் கொஞ்சம் கவனமாகப் பிடித்துக்கொண்டான்.

"மெர்சி, முஸ்ஸியூ," என்றார் அதிகாரி. "இந்த ஃபைலில் எனக்குக் கிடைத்த முதல் தெளிவான வசனம் இதுதான்."

பிறகு அவர் சர்மிளாவிடம் பேசினார். மற்ற ஐந்து பேரும் அதே வெள்ளிக்கிழமை வேலைக்குறைவால் நிறுத்தப்பட்டதைக் கம்பனி ஒத்துக்கொண்டிருக்கிறது. அது சாரங்கனுக்குச் சாதகம். ஆனால் தன்னால் இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பா சொன்னதை எழுத்தில், கையெழுத்துடன், இன்றைக்கே அனுப்பவேண்டும். நாளைக்கு முடிவெடுப்பார்.

"எழுத்திலையோ?" இரவிச்சந்திரனின் முகத்தில் இன்றைய நாளின் முதல் வெளிச்சம் வந்தது.

"மூண்டு வரியாம், அப்பா."

"மூண்டு பக்கமோ?"

"வரி. அதைத்தான் இரண்டு தரம் சொன்னவ."

வெளிச்சம் போய்விட்டது. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். செல்வமலர் அலுமாரி லாச்சியை இழுத்துத் திறந்து சங்கத்தின் முத்திரையை எடுத்தாள். அதை அரிசி வாளிக்குள் போட்டு மூடினாள். அவர் கண்டும் காணாதவர் போல் எழுதினார். "மேன்மைதங்கிய" என்று தொடங்கினார். வெட்டினார். "மதிப்புக்குரிய" என்று எழுதினார். சர்மிளா எட்டிப் பார்த்தாள். அதையும் வெட்டினார். கடைசியில் "நான்" என்று தொடங்கி ஒரு முழு வரி எழுதி முடித்தார். நெற்றியில் வியர்த்திருந்தது.

சாரங்கன் மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டு நிலத்தைத் துடைத்தான். பிறகு தொலைபேசியை எடுத்து அத்தானுக்கு எதிரில் உட்கார்ந்தான். இனி அஜந்தாவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம். வேலை போனதை, சோமாஜை, எல்லாவற்றையும். சொல்லுவதற்கு முதல் அவள் காலையில் போட்டதைக் கேட்போம் என்று அழுத்தினான்.

அவளுடைய குரல் சந்தோஷமாக அறை முழுவதும் கேட்டது.

"இஞ்சாருங்கோ, எங்கை, பெரிய வேலைக்குப் போனதிலையிருந்து ஃபோனும் இல்லை? பரவாயில்லை, அத்தான் எல்லாம் சொன்னவர். ஒரு விசேஷம் சொல்லட்டே? இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை இராஜினாமாக் குடுத்திட்டன். விசா இந்தா வருகுது, அவங்கள் கேக்க முதல் நாங்களா விடுறதுதான் மரியாதை எண்டு அத்தான் சொன்னவர். கடிதமும் அவர்தான் எழுதி அனுப்பினவர். அதிபர் அதைப் பிள்ளையளுக்கு முன்னாலை வாசிச்சவர். எல்லாரும் கை தட்டினவை!"

செய்தி முடிந்தது. இரண்டாவது வரியின் நடுவில் இரவிச்சந்திரனின் பேனா நின்றிருந்தது.

செல்வமலர் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு எத்தினை பக்கம்?" என்று கேட்டாள்.

"நாலு," என்றார் இரவிச்சந்திரன்.